எட்டாம் அட்டைப் படலம்

வாழ்க பகலவன்! கோமுகி நீர் பாயும் கள்ளக்குறிச்சித் திருநகரில், தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடை என்னும் சிற்றரசை ஒற்றை மிஷினோடு ஆண்டுவரும் வேந்தன். ஆதார், ரேஷன், பட்டா, சிட்டா என்னும் நாற்படைகளையும் நாள்தோறும் நகலெடுத்து விரல்நுனி கருத்த வீரன். ஊரார் பொருளுக்கெல்லாம் நகல் எடுத்து எடுத்தே, தனக்கென்று ஓர் அசல் கிடைக்காதா என்று ஏங்கிய நெஞ்சினன்! அவன் புகழைப் பாடவே இவ்வுரை எழுந்தது. கேட்போர் செல்போனைச் சற்றே கவிழ்த்து வைக்கவும்.

காப்பு என்று ஒன்று பாடியாக வேண்டுமாம். யானைமுகத்தாருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை; ஆகையால் நாம் குண்டூசியை வணங்குகிறோம். சினிமாக் கொட்டகை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'உள்ளே வந்தால் இன்னின்ன சண்டை உண்டு, இன்னின்ன அழுகை உண்டு' என்று ஆசை காட்டிய ஷோ கார்டு என்னும் வண்ண அட்டைகளை நான்கு மூலையிலும் தாங்கிப் பிடித்த குண்டூசியே, துருவேறிய தூயவனே, இந்தக் கதை நடுவில் கழன்று விழாமல் நீயே காக்க வேண்டும்.

அத்தகைய அட்டைகளைச் சேர்ப்பதே பகலவன் பூண்ட விரதம். அதிலும் அயல்நாட்டு மொழிப் படங்களின் பழைய அட்டைகள் மட்டும். தமிழ்ப் படத்து அட்டையைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டான். படிக்கத் தெரிந்த எழுத்தில் என்ன மர்மம் இருக்கிறது என்பது அவன் கட்சி. அவன் பீரோவின் மணிமுடியாக விளங்கியது ஒரு வாள்சண்டைப் படம். எந்த நாட்டு மொழி என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. எழுத்துகளின் தலையில் புள்ளியும் கொம்புமாக ஏதோ இருக்கும். எட்டு அட்டை கொண்ட அந்தத் தொகுதியில் ஏழு அவனிடம் இருந்தன. ஏழிலும் ஒரே மீசைக்காரன். மாடிப்படியில் வெட்டுகிறான், சாராயப் பீப்பாய் மேல் ஏறி நின்று வெட்டுகிறான், குதிரையிலிருந்து விழுந்துகொண்டே வெட்டுகிறான். எவளோ ஒருத்திக்காகத்தான் இந்தப் பாடெல்லாம் என்பது தெரிகிறது. ஐந்தாம் அட்டையில் ஒரு சன்னல் வழியே வளையல் போட்ட வெள்ளைக் கை ஒன்று நீள்கிறது. கைக்கு உரியவள் எட்டாம் அட்டையில்தான் இருக்க வேண்டும். எட்டாம் அட்டை இல்லை. படம் எங்கும் பார்க்கக் கிடைக்கவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம், 'அவள் எங்கே?' என்று மீசைக்காரன் தன்னையே கேட்பதுபோல் இருக்கும் பகலவனுக்கு. நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவனோ, 'தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்' என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பீரோவை மூடுவான்.

இல்லத்தரசி மணிமொழியோ, தன் பட்டுப்புடவைகளுக்கு உரிய பீரோவை மீசைக்காரனிடம் பறிகொடுத்து, புடவைகளைக் கோணிப்பையில் கட்டிப் பரணில் ஏற்றிய பொறுமைக் கடல். கடலும் ஒருநாள் பொங்கும் அல்லவா? ஆடி பிறந்த அன்று அரண்மனை ஆணை வெளியாயிற்று.

"தோ பாருங்க, இந்த ஆடி முடியறதுக்குள்ள அந்த எட்டாவது அட்ட வூடு வந்து சேரணும். வந்துச்சா, இத்தோட நிறுத்திக்கணும். வரலியா, ஏழும் பழைய பேப்பர்காரனுக்குத்தான். அப்பறம் லபோதிபோன்னு கத்தக் கூடாது."

ஆடி கடைசி வியாழன் வரை அட்டை வரவில்லை. அன்று மாலை, தேன் வியாபாரி ராசு, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பால் தேன் வாங்கப் போன ஒரு வீட்டில் செல்பி எடுத்து, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்தான். ராசுவின் பின்னால் மண்சுவர். சுவரில் புகையேறிய ஓர் அட்டை. புள்ளியும் கொம்பும் வைத்த எழுத்து! வளையல் போட்ட வெள்ளைக் கை! முகம் இருக்க வேண்டிய இடத்திலோ, அந்தோ, ராசுவின் காது!

அந்தக் காதைப் பகலவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். காது பெரிதாயிற்று, அவ்வளவுதான்.

அதே காதை அதே நேரத்தில் பெரிதாக்கிக்கொண்டிருந்தார் இன்னொருவர். உளுந்தூர்பேட்டை நாற்சந்தியில் லாரி டயர்களுக்கு மறுபிறவி தந்துவரும் தங்கமணி. கிரீஸுக்கு நடுவே வாழ்ந்தும் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை படாத வித்தகர். அட்டை சேர்ப்பதில் பகலவனுக்குப் பரம வைரி. அட்டை என்றால் பளபளவென்று, மடிப்பும் கறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கண்டிஷன், கண்டிஷன் என்று அந்த ஒரு சொல்லையே மந்திரமாக ஓதுவார். சொந்தக் கார் உண்டு. ஆனால் கொண்டை ஊசி வளைவைக் கண்டால் ஸ்டீயரிங் பிடித்த கை உதறும் என்பதால், ஆடிக் கடைசி வெள்ளியன்று காலை, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையமாகிய பெருங்களத்தில், வெள்ளிமலை பஸ்ஸுக்காக அவரும் வந்து நின்றார்.

கண்டனர் இருவரும். கனன்றனர் இருவரும். "இன்னா சார், கோயிலுக்கா?" என்றார் தங்கமணி. "ஆமா சார், கோயிலுக்குத்தான்" என்றான் பகலவன்.

பஸ் வந்தது. அது வளைந்து நிற்பதற்கு முன்பே, ஆணும் பெண்ணும் கூடையும் கோழியுமாக ஒரு மக்கட்பெருக்கு அதன்மேல் மோத, நம் வீரர் இருவரும் தொன்றுதொட்டு வரும் போர்முறைப்படி சன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடித்தனர். பகலவனின் ஈரிழைத் துண்டும் தங்கமணியின் சரிகைத் துண்டும் ஒரே இருக்கையில், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கணத்தில் விழுந்தன. யார் துண்டு மேலே, யார் துண்டு முதலில் என்று இருவரும் வாசற்படியில் நின்று அறநூல் பேசிக்கொண்டிருக்க, காய்கறிச் சாக்கோடு ஏறிய ஒரு பெண்மணி இரண்டு துண்டையும் சுருட்டி டிரைவர் பக்கத்து என்ஜின் பெட்டிமேல் போட்டுவிட்டு, சன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, அது துண்டு போட்ட சீட்டு."

"துண்டுதான போட்டீங்க? நான் ஆளே ஒக்காந்துட்டேன்."

வீரர்கள் நின்றே மலையேறினர். கச்சிராயபாளையம் கடந்து, அணையைக் கடந்து, வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பகையையும் மூச்சுக்காற்றையும் பகிர்ந்துகொண்டே சென்றனர். தங்கமணி பாதி வழியில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தவர், வெள்ளிமலை வரும்வரை எடுக்கவில்லை.

இறங்கியதும் ராசுவின் ஸ்டேட்டஸைக் காட்டி வழி கேட்டு, சாமைக் கொல்லை வரப்பில் ஒருவரையொருவர் முந்தி, ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்து, ஆடிக்காற்றில் வேட்டி கொடியாகப் பறக்க, அந்த வீட்டு வாசலை இருவரும் ஒன்றாகவே அடைந்தனர். உள்ளிருந்து எட்டிப் பார்த்தவர், பஸ்ஸில் சீட்டுப் பிடித்த அதே பெண்மணி. பெயர் சாமியம்மாள், சாமையும் கேழ்வரகும் போடுகிறவர்.

"இன்னாப்பா, சீட்டு கேட்டு வூடு வரைக்கும் வந்துட்டீங்களா?"

பகலவன் கைகூப்பி, எட்டாம் அட்டையின் பெருமையையும், ஏழு அட்டைகளின் தனிமையையும், மீசைக்காரனின் துயரையும் எடுத்துரைத்தான். சாமியம்மாள் முழுதும் கேட்டார். பிறகு அடுப்படிச் சுவரைக் காட்டினார்.

"எங்க வெள்ளச்சியா? எம்மாமனாரு நைனார்பாளையத்துல டெண்டு கொட்டாய பிரிக்கும்போது மூங்கில் வாங்கப் போனாரு. மூங்கிலோட வந்தவ இவ. சொவத்துல ஓட்ட இருக்குது, ஆடிக்காத்து அது வழியா பூந்து அடுப்ப அணைச்சிடும். அதான் இவள வெச்சி அடைச்சி வெச்சிருக்கோம். இவள இட்டுக்கினு போயிட்டா ஓட்டைய யாரு அடைக்கிறது?"

உடனே தங்கமணி தன் டயர் கடைக் காலண்டரை நீட்டினார். ஆடி வரை கிழித்த காலண்டர். சாமியம்மாள் அதைத் தடவிப் பார்த்து, "தாளு ஒரு மழைக்குத் தாங்காது" என்று திருப்பிக் கொடுத்தார். பின்பு தீர்ப்பு வந்தது.

"மண்ணு கொல்லையில கீது, உமி தோ அந்த மூட்டையில. ரெண்டு பேரும் குழைங்க. யாரு அடைச்சது நிக்குதோ அவரு இட்டுக்கினு போங்க."

மூண்டது போர்! முரசு முழங்கவில்லை, கோழிதான் கத்தியது. செம்மண்ணும் உமியும் சாணமும் தண்ணீரும் காலடியில் கலந்து குழம்ப, வெண்மையே வாழ்வாகக் கொண்ட தங்கமணி சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் உருண்டையை ஓட்டையில் அறைந்தார். அது சற்று நேரம் யோசித்தது. பிறகு மெல்லச் சறுக்கி அவர் வேட்டியில் விழுந்தது. இரண்டாம் உருண்டை சட்டைப் பையில் இறங்கியது. அடுத்துப் பகலவன் முறை. சிக்கிய தாளை மிஷினின் குடலுக்குள் விரல்விட்டு உருவி உருவிப் பழகிய கை அவனுடையது. எந்தச் சந்துக்குள் எவ்வளவு விரல் போகும் என்பதை அறிந்தது. உள்ளே கல்லைச் செருகி, கல்லுக்கும் சுவருக்கும் நடுவே மண்ணைத் திணித்தான். "தடவிக் குடுக்காதப்பா, கொழந்தையா அது? அழுத்து!" என்று பின்னாலிருந்து சாமியம்மாள் படை நடத்தினார். அழுத்தினான். நின்றது! வெளியே ஆடிக்காற்று வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அடுப்பு அணையவில்லை.

வென்றான் பகலவன்!

சாமியம்மாள், ஓட்டையிலிருந்து கழற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து வந்து முந்தானையால் புகையைத் துடைத்தார். முதலில் வளையல் தெரிந்தது. பிறகு தோள். பிறகு முகம். பேரழகி என்று சொல்ல முடியாது. மூக்கு சற்று நீளம். ஆனால் எங்கோ ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினவள்போல, யாரோ வந்துவிட்டார்கள் என்ற பாதிச் சிரிப்போடு இருந்தாள். ஏழு அட்டைகளிலும் மீசைக்காரன் எதற்காக அப்படி வெட்டினான் என்பது பகலவனுக்கு அப்போது விளங்கிவிட்டது. கண் கலங்கிற்று. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தான்.

"இரு, இப்பிடியே இட்டுக்கினு போவாத" என்றார் சாமியம்மாள். உள்ளே போய், கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து, குங்குமச் சிமிழோடு வந்தார்.

"அம்மா! வேணாம்மா! கண்டிஷன் போயிடும்!" என்று அலறியவர், தோற்றுப்போன தங்கமணி.

"இன்னா வேணாம்? ஆடி வெள்ளியும் அதுவுமா, இத்தினி வருசம் எங்க வூட்டுல இருந்தவ. வெறும் நெத்தியோட அனுப்பினா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

நான்கு மூலையிலும் மஞ்சள் விழுந்தது. அயல்நாட்டு நெற்றியில், ஈரவிரலால், பத்துப் பைசா அகலத்துக்குக் குங்குமம் ஏறியது. பழைய அட்டை தாகத்தோடு அதை உறிஞ்சிக்கொண்டது. வீட்டுப் பெண்ணைப்போல் பொட்டு வைத்து வழியனுப்புகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல எந்த வீரனுக்கு நா எழும்? பகலவன் தலைகுனிந்து இரு கையாலும் வாங்கிக்கொண்டான். தங்கமணி, மண் காய்ந்த தன் கையால் அவன் தோளைத் தொட்டு, "போச்சே சார்" என்றார். பகைவன் கண்ணிலும் நீர் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் இருவரும் அருகருகே உட்கார்ந்து வந்தனர். துண்டு போடும் தெம்பு யாருக்கும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்தான் வீரன். மணிமொழி அடுக்களையில் இருக்க, பீரோவைத் திறந்து ஏழு அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி, எட்டாவதை நடுவில் வைத்து, வெள்ளை ரப்பரையும் பஞ்சையும் படைக்கலமாக ஏந்தி, முழங்கினான்: "மீசையுடைய வேந்தே, கலங்காதே! கடல் கடந்து, மலை கடந்து, மஞ்சள் கடந்து உன் நாயகி வந்தாள்! இதோ இக்கறையை நீக்கி, அச்சேறி வந்தபடியே அவளை உன் பக்கத்தில் சேர்ப்பேன்!" ரப்பர் நெற்றியில் பட்டது.

"இன்னாங்க பண்றீங்க?"

பின்னால் மணிமொழி நின்றாள்.

"ஆடி வெள்ளிக்கெழம, வெளக்கு வெக்கிற நேரத்துல, பொம்பள நெத்தியில வெச்ச பொட்ட அழிக்கிறீங்களா? இந்தக் குடும்பம் வெளங்குமா?"

"அது சினிமாக்காரிம்மா."

"சினிமாக்காரின்னா? அவளுக்குப் புருசன் இல்லியா?"

அவளுக்கு ஒருவன் இருக்கிறான் என்பதற்கு இந்த உலகில் ஏழு சாட்சிகள் உண்டு. ஏழும் பகலவன் முன்னால் தரையில் கிடந்தன. ரப்பர் கையிலிருந்து நழுவிற்று. மணிமொழி அட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி அலமாரியில் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் நடுவே நிறுத்தினாள். ஏழும் பீரோவிலேயே இருந்துகொள்ளட்டும், கெடுவுக்குள் எட்டாவது வந்துவிட்டதால் பேப்பர்காரனுக்குப் போக வேண்டாம் என்று மன்னிப்பும் வழங்கினாள்.

"அப்ப அவனையும் அவ பக்கத்துல வெச்சிடலாமா?" என்று பீப்பாய் அட்டையைத் தூக்கிக் காட்டினான் பகலவன்.

அவள் மீசைக்காரனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். "பீப்பா மேல நிக்கிறவன சாமிகிட்ட வெப்பாங்களா? குடிகாரன். உள்ள வெச்சிப் பூட்டுங்க."

பூட்டினான். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோயிருந்ததால், பகலவன் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான்.