குமாரவேலின் வெள்ளிக்கிழமை எடை

"காலை மடக்குங்கண்ணே, தரையில படுது," என்றார் கணக்கப்பிள்ளை கஜேந்திரன்.

தேயிலைக் கொழுந்துச் சாக்குக்குள் உட்கார்ந்து தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த குமாரவேல் காலை மடக்கினார். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்து, பிழைத்து வந்த மனுசனுக்குத் தோட்டம் செய்த மரியாதை இது.

டிஸ்பென்சரியிலும் ஒரு தராசு இருக்கத்தான் செய்தது. யார் ஏறினாலும் அறுபத்தொண்ணு காட்டும். துரை பங்களா நாய் ஏறினபோதும் அறுபத்தொண்ணுதான். முள் அசைகிற தராசு வேண்டுமானால், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குத்தான் வரவேண்டும்.

கணக்கப்பிள்ளை ஒரு தடவை முள்ளைப் பார்த்தார். ஒரு தடவை வெயில் காய்கிற வானத்தைப் பார்த்தார். துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்.

"நாப்பத்தி மூணு."

குமாரவேலின் சம்சாரம் பஞ்சவர்ணம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நாப்பத்தஞ்சு. ஒரே வாரத்தில் ரெண்டு கிலோ எங்கே போச்சு?

தராசின் முகம் எப்போதும் கணக்கப்பிள்ளை பக்கம்தான் இருக்கும். அதை எட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கமெல்லாம் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சர்மிளா மிஸ் போன் எடுப்பார். தூரத்து நோயாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள், எடை ஏறுகிறதா என்று போனிலேயே பார்த்துக்கொள்கிற மிஸ் அவர். யட்டியாந்தோட்டைக்கு மேலே அந்த மலையில், ரெண்டாயிரத்து ஏழாம் வருசத்தில், சிக்னல் என்கிற சாமி தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் குடியிருந்தது. அதுவும் ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும். ஆகவே குமாரவேலின் வயிற்று விவகாரம் வாளியோடு நின்ற பொம்பளைகள் அத்தனை பேருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

"நாப்பத்தி மூணா? அது சரியில்லையே," என்றார் மிஸ். "ரெண்டு முட்டை, மூணு வேளை பால், பருப்பு, நெத்தலி. எல்லாத்தையும் நல்லா மசிச்சுக் குடுங்க. நாப்பதுக்குக் கீழ போனா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்."

குழாய் என்றதும் குமாரவேலின் முகம் செத்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் குழாயோடு கிடந்ததை அவர் நாலு மாதம் பார்த்தவர்.

"சாவுறதுன்னாலும் வாயால சாப்பிட்டுட்டுத்தான் சாவேன், புள்ள," என்றார் அன்று சாயங்காலம். பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையை மசித்தாள்.

அவள் கொழுந்துக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளைக்காம்பரா ஆயா. வாயைத் திறக்காத நாப்பது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டின கை. ஒரு கிழட்டுப் பிள்ளையை ஊட்ட முடியாதா என்ன? மனுசன் ஒரு வாய் விடாமல் தின்றார்.

அடுத்த வெள்ளி தூறிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தி ரெண்டு."

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குடுங்க," என்றார் மிஸ். "தேங்காய்ப்பால் கஞ்சி, வாழைப்பழம், நெய்." சேதி தண்ணித் தாங்கியிலிருந்து ஆறு லயத்து வீடுகளுக்கும் பறந்தது. ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்தார்கள். எலும்பு சூப், குரக்கன் கூழ், பாசிப்பயறு. குமாரவேல் தின்றார், ஏப்பம் விட்டார், மறுபடி தின்றார். கன்னம் எழும்பியது, சாரத்தின் முடிச்சு இறுகியது. பஞ்சவர்ணம் மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்தாள்.

மூணாவது வெள்ளி கொட்டோ கொட்டென்று மழை.

"நாப்பத்தி ஒண்ணு."

மிஸ் மெதுவாகக் கேட்டார்: "கோபிக்காதீங்க அம்மா. அவருடைய சாப்பாட்டை வீட்டுல வேற யாரும் சாப்பிடுறாங்களா?"

ஸ்பீக்கரில்தான் கேட்டார். பத்து வாளிகளும் பஞ்சவர்ணத்தின் கன்னத்தைப் பார்த்தன. கஞ்சியில் உப்புப் பார்த்துப் பார்த்து அதுவும் கொஞ்சம் எழும்பித்தான் இருந்தது, பாவம்.

"நானா? என் புருசன் சோத்தையா?" அவள் போனை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். "அவரு கன்னத்தை வந்து பாருங்க மிஸ், எப்படிப் பூரிச்சிருக்குன்னு!"

"எடை குறையுது, கன்னம் பூரிக்குதா? அப்போ அது நீர் வீக்கமா இருக்கலாம். உப்பைக் குறைங்க. அடுத்த கிழமை நாப்பதுக்குக் கீழ வந்தா, திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க."

அப்புறம் கேட்பானேன்! குமாரவேல் உப்பில்லாத கஞ்சியை நடுவாசலில் உட்கார்ந்து குடிக்க வேண்டியதாயிற்று. பஞ்சவர்ணம் திருடித் தின்னவில்லை என்பதற்கு ஊரே சாட்சி வேண்டுமே. வருகிறவர் போகிறவரெல்லாம் அவர் கன்னத்தை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார்கள்.

"அமுக்கிப் பார்த்து வாங்க நான் என்ன பாண் கடையில வச்ச பணிஸா?" என்று கத்தினார் குமாரவேல். குரல்கூட நன்றாகத்தான் எழும்பியது. ஆனால் சீட்டில் எழுதினது எழுதினதுதானே.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அழகம்மா யோசனை சொன்னாள். கொழுந்து எடுக்கிறவள்.

"யக்கா, எடை கூட்டுறது ஒரு வேலையா? கம்பளியைத் தண்ணியில முக்கிப் போர்த்தி விடு. மூணு கிலோ நிக்கும். கொழுந்துக்கு நாங்க தண்ணி தெளிக்கிறதில்லையா?"

"தெளிச்சா கூடுமா?"

"எங்க கூடுது யக்கா! அந்தக் கணக்கப்புள்ள கைக்குப் போனா ஏறுனதெல்லாம் எறங்கிப் போகுது. ஆனா அண்ணன் விசயம் வேற. சீக்காளியாச்சே."

பொய் சொல்லத் தெரியாத பஞ்சவர்ணம் புருசனுக்காகத் துணிந்தாள். வெள்ளிக்கிழமை கம்பளியும் புருசனும் சொட்டச் சொட்ட மடுவத்துக்குப் போனார்கள். தராசுக் கொக்கி கிரீச்சென்று அலறியது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். இந்தத் தடவை குமாரவேலையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"முப்பத்தி ஒம்பது."

பஞ்சவர்ணம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூணு கிலோ தண்ணீரைச் சுமந்தும் முப்பத்தி ஒம்பது என்றால், உள்ளே மனுசன் எங்கே மிச்சம்?

திங்கட்கிழமை விடியக்காலை யட்டியாந்தோட்டையில் கொழும்பு பஸ் ஏறினார்கள். குமாரவேல் கரவனெல்ல தாண்டும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கட்டச் சொல்லியிருந்தார். வாயால் சாப்பிடுகிற கடைசிச் சாப்பாடு என்று சொல்லிச் சொல்லி, அவிசாவளைக்குள் அத்தனையையும் முடித்தார். பஞ்சவர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

ஆஸ்பத்திரித் தராசில் ஏறினார். சர்மிளா மிஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"நாப்பத்தி எட்டு! மூணு கிலோ கூடியிருக்காரு!" காலை அழுத்தினார், கன்னத்தை அழுத்தினார். "வீக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுத்தமான சதை. குழாய் வேணாம் ஐயா, வீட்டுக்குப் போங்க." பிறகு பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க அம்மா. ஒங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். ஆனா இவ்வளவு நாளும் யாருடைய எடையைச் சொன்னீங்க?"

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதுக்கப்புறம் வந்த கோபம் மட்டும் தோட்டம் வரைக்கும் இறங்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நேரே மடுவத்துக்குப் போனாள். பின்னால் அழகம்மாவும் பத்து வாளிக்காரிகளும்.

"ஏங்க கணக்கப்புள்ள ஐயா, ஒங்க தராசு நாசமாப் போச்சா? நாப்பத்தெட்டுக் கிலோ மனுசனை முப்பத்தொம்பதுன்னு எழுதிட்டீங்களே! இன்னும் கொஞ்சத்துல அவரு மூக்குல குழாயைச் சொருகியிருப்பாங்க!"

கணக்கப்பிள்ளை கஜேந்திரன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். இருபது வருச நேர்மையை யாரோ காலால் உதைத்தது போல அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தராசுல ஒரு கொறையும் இல்லம்மா. வெயில்னா ரெண்டு கிலோ, தூறல்னா நாலு, மழைன்னா ஆறு, சொட்டச் சொட்ட வந்தா பன்னெண்டு. இந்தச் சாக்குல எது ஏறினாலும் தண்ணிக்குக் கழிச்சுத்தான் எழுதுவேன், ஒங்க புருசனுக்கு மட்டும் கழிக்காம விட்டா நாளைக்குக் கொழுந்தெடுக்கிற எல்லாப் பொம்பளைகளும் கேட்க மாட்டாங்களா?"