ட்ரிப் நானாவும் கை நனையாத விருந்தும்

மாத்தளை மாவட்டத்தில் ட்ரிப் நானாவைப் போல வீடுகளை இருட்டாக்கிய மனிதர் வேறு யாரும் கிடையாது. நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய காலத்தில்கூட நேரம் சொல்லித்தான் வெட்டினார்கள். நானா சொல்ல மாட்டார். வீட்டுக்குள் வருவார், சுவிட்ச் போர்டைத் தேடுவார், ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சின்னப் பொத்தானை அமுக்குவார். டப்பென்று எல்லாம் அணையும். அதன் பிறகுதான், "ஆ, எப்படிச் சொகம்?" என்று கேட்பார்.

கரண்ட் எங்கேயாவது ஒழுகினால் அந்தச் சுவிட்ச் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றும், அது உயிரோடு இருக்கிறதா என்று மாதாமாதம் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு வீட்டில் கிரிக்கெட் கடைசி ஓவர் ஓடும்போது அமுக்கிவிட்டார். அந்த வீட்டு ஆண்கள் அவரைப் பலாபத்வல வரைக்கும் துரத்தினார்கள். ஓடிக்கொண்டே, "ஒங்க ட்ரிப் நல்லா வேல செய்யுது" என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

அவர் எலக்ட்ரீஷியன் இல்லை. வேன்காரர். ரிவர்ஸ்டன், நுவரெலியா என்று ஆட்களை ஏற்றி ட்ரிப் போகிறவர். ஒரு தடவை நுவரெலியாவில் தங்கிய இடத்தில், குளிக்கப் போய் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறார். கீசரிலிருந்து கரண்ட் அடித்து அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. முதலில் என்னிடம் சொன்னபோது குளியலறைக் கதவடியில் விழுந்திருந்தார். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது விறாந்தையில் விழுந்திருந்தார். கடைசியாகக் கேட்டபோது கீழே நின்ற வேனுக்குப் பக்கத்திலேயே போய் விழுந்துவிட்டார். சோப்பு மட்டும் எல்லாக் கதையிலும் கையில் இருந்தது.

அன்றிலிருந்து நானாவின் வேனில் போகிறவர்களுக்குக் குளிப்பு லேசில் கிடைக்காது. ரிவர்ஸ்டன் பனியில், துண்டைக் கட்டிக்கொண்டு பல் கிட்டித்து வரிசையில் நிற்பார்கள். உள்ளே நானா கீசருக்கு அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நிற்பார். தண்ணீர் சுடும்போது அதன் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வேண்டும்.

"கீசருக்கு மூத்திரம் போகணும் தம்பி. அடைச்சா நமக்கே வயிறு வெடிக்கும். இரும்புப் பொட்டி என்ன செய்யும்?"

இந்த மனிதரைத்தான் நான் என் மகள் சுமதிக்குச் சம்பந்தம் பேசக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு வழியில்லை. நான் மிளகு, கராம்பு கடையில் மூட்டை கட்டுகிறவன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் என் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். முன்பு வந்த ஒரு சம்பந்தம், பெண்ணுடைய அப்பா ஊமையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. இந்தக் கலேவெலப் பையனைச் சுமதிக்குப் பிடித்திருந்தது. இதுவும் என் வாயால் போய்விடக் கூடாது என்று, வாயுள்ள நானாவின் வேனைப் பிடித்தேன். போர்டைத் தொட வேண்டாம் என்று வழி முழுக்கக் கெஞ்சினேன். "மையத்து மாதிரி உக்காந்திருப்பேன்" என்று சத்தியம் செய்தார். முஸ்லிம் ஆட்கள் பிணத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

அப்படியேதான் இருந்தார். பேச வேண்டியதை எல்லாம் அழகாகப் பேசினார். என்னைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே என் மேல் மரியாதை வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து, இலை போட்டாச்சு, கை நனைக்கலாம் என்றார். எங்கள் ஆட்களுக்குள் சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவோம். கை நனைக்காமல் எழுந்து வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

"மூத்தவன் கட்டார்லேந்து காசு அனுப்பிக் கீசர் போட்டிருக்கோம். எல்லாரும் சுடுதண்ணியிலேயே கழுவுங்க" என்றார் அவர் பெருமையாக.

கலேவெல வெயிலில் சும்மா குழாயைத் திறந்தாலே சுடுதண்ணீர்தான் வரும். ஆனாலும் கீசர் என்ற சொல்லைக் கேட்டதும் மையத்து எழுந்துவிட்டது. நானா எல்லாருக்கும் முன்னால் குளியலறைக்குப் போனார். மேலே பார்த்தார். கீசர் கொடகொடவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சேஃப்டி வால்வின் வாயில் துணி சுற்றி, ஒரு மர ஆப்பு அடித்திருந்தது.

நானா வெளியே வந்து கதவை மறித்துக்கொண்டு கையை விரித்தார்.

"ஒருத்தரும் இந்த வீட்டுல கை நனைக்க வேணாம்."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த சோற்றுக் கரண்டி விழுந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சாரத்தை மடித்துக் கட்டினார். என் மனைவி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். "ஏங்க, பொண்ணப் பெத்தவர் நீங்க. வேன்காரர் சம்பந்தத்த முறிக்கிறாரு. பேசாம நிக்கிறீங்களே?"

எல்லாருடைய கண்ணும் என் மேல். பேசியே ஆக வேண்டும். முழுப் பலத்தையும் கூட்டிப் பேசினேன்.

"நானா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

அவ்வளவுதான். தாய்மாமன் இலைகளைச் சுருட்டத் தொடங்கினார். எங்கள் வழக்கம் தெரியாத நானாவுக்கோ நடப்பது எதுவுமே விளங்கவில்லை. போர்டுக்கு ஓடிப் பொத்தானை அமுக்கினார். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பவும் அமுக்கினார். ஃபேன் அசரவில்லை. அணையாத வீட்டை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் போல, முகம் வெளுத்துவிட்டது. மெயின் சுவிட்சையே இழுத்து விட்டார்.

"ஆப்பு அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றார் மாப்பிள்ளை. "சொட்டுச் சொட்டா ஒழுகுதுன்னு அம்மா ஏசுனாங்க."

"தண்ணி கொதிச்சுப் போக வழி இல்ல மகன். ட்ரிப்பும் செத்துக் கெடக்கு. நாளைக்கு எங்க புள்ள வந்து குளிக்கப் போற எடம் இது." கையை நீட்டிக் குளியலறையைக் காட்டினார். "பேரீச்சம்பழமாட்டம் புள்ள. அத இதுக்குள்ள அனுப்பச் சொல்றீங்களா?"

அவர் மறித்தது சம்பந்தத்தை இல்லை, கீசர் தண்ணீரைத்தான் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். நானாவுக்கு எதற்கென்று விளங்கவில்லை. கை நனைப்பதற்கு எங்களுக்குள் என்ன அர்த்தம் என்று சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டுப் போய், எல்லாருக்கும் முன்னால் பச்சைத்தண்ணீரில் கை நனைத்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தார். கீசர் ஆறிய பிறகு மாப்பிள்ளை ஆப்பைப் பிடுங்கினார். புது ட்ரிப் சுவிட்ச் போட்ட பிறகுதான் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

நானா இப்போது வேனை விற்றுவிட்டார். முழங்கால் வலி, அதிகம் வெளியே வருவதில்லை. மாதம் பிறந்ததும் கலேவெலயிலிருந்து சுமதி எனக்குப் போன் எடுப்பாள். "அமுக்கினேன்ப்பா, லைட் போச்சு" என்பாள். உடனே நான் நானாவுக்கு எடுப்பேன். அவர் ஹலோ சொல்ல மாட்டார்.

"போச்சா தம்பி?"

"போச்சு நானா."

"அப்ப புள்ள நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார்.