நட்டு வைத்த நாற்காலிகள்

கால் துளைக்குள் போகவில்லை.

கண்ணையன் பலகையைக் கவிழ்த்துப் போட்டான். நாற்காலிக் காலின் தலையைத் துளையில் வைத்து உள்ளங்கையால் குத்தினான். போகவில்லை. செங்கல்லை எடுத்துத் தட்டினான். செங்கல்தான் உடைந்தது.

"இது வேற காலுங்க," என்றாள் பெண்டாட்டி சின்னபொண்ணு. "பலகையில ஒரு கோடு வெட்டியிருக்குது. காலுல ரெண்டு கோடு இருக்குது, பாருங்க."

"ஆசாரிக்கு எண்ணத் தெரியல. அதுக்கு நான் இன்னா பண்றது?"

செல்லிப்பட்டில் கண்ணையன் வீட்டு வேப்பமரத்தடியில் நாலு நாற்காலிகளும் துண்டு துண்டாகக் கிடந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாகூரிலிருந்து பெண் பார்க்க வந்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் அப்பா அரங்கநாதன், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். வலது முட்டி மடங்காதாம். நாற்காலி இல்லாத வீட்டுக்கு வரமாட்டார் என்று தரகர் சொல்லிவிட்டார்.

மகள் கஸ்தூரிக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. போன வருஷம் வந்தவர்களைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். கயிறு அறுந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே போய்விட்டார். முட்டியும் மோவாயும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தச் சம்பந்தம் அதோடு சரி. ஊரெல்லாம் கதை பரவியது. இந்தத் தடவையும் தவறினால் இனி இந்த வாசலுக்கு எவன் வருவான்?

ஆகவே நாற்காலி. ஆனால் நாற்காலி என்று ஒன்று வீட்டில் நின்றால், ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் "கொஞ்சம் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். போனது திரும்பாது. திரும்பினாலும் ஒரு கை இருக்காது. கண்ணையன் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அதனால் அவனுக்கு எந்தக் குறையும் வந்ததில்லை, அன்றைக்குக் காலைவரை.

வில்லியனூர் மரியதாஸ் ஆசாரி, மாதா கோயில் திருவிழாவுக்கு வெளியில் போடச் சாமியாருக்கு ஒரு மாதிரி நாற்காலி செய்திருந்தான். ஆணியே கிடையாது. ஆப்பை அடித்தால் நாற்காலி, ஆப்பைப் பிடுங்கினால் விறகுக்கட்டு. கட்டிப் பரணில் போட்டுவிடலாம். கண்ணையனுக்கு அதுதான் பிடித்தது. யாருக்குச் செய்கிறோம் என்று ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்று ஆசாரியிடம் சத்தியம் கேட்டான்.

மரியதாஸ் பெருமூச்சு விட்டான். "இந்த வாரத்துல மாதா மேல நான் பண்ற ரெண்டாவது சத்தியம் இது."

முதல் சத்தியம் யாருக்கு என்று கண்ணையன் கேட்கவில்லை. தன் காரியம் ஆனால் சரி.

மூன்று நாளைக்கு முன்னால் விடியும்போதே வண்டி கட்டிக்கொண்டு போனான். பலகைகளை ஏற்றியாயிற்று. பட்டறையில் நாற்காலிக் கால் கட்டு ரெண்டு இருந்தது. ஒன்று சோனி. இன்னொன்று தடியாக, நாலு விரல் கூடுதல் உயரமாக இருந்தது. சோனிக் கட்டைத்தான் ஆசாரி காட்டினான்.

"அது?"

"அத தொடாதீங்க. வேற எடத்துக்குப் போவுது."

நல்ல மரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு நமக்கு மட்டும் குச்சியைக் கொடுக்கிறான் என்று கண்ணையனுக்குப் புரிந்துவிட்டது. ஆப்புப் பையை எடுக்க ஆசாரி உள்ளே போன நேரத்தில் தடிக்கட்டை வண்டியில் ஏற்றிவிட்டு, சோனிக்கட்டை அது இருந்த இடத்தில் வைத்தான். வண்டியில் வைக்கோலைப் போட்டு மூடினான். பக்கத்து வீட்டான் பார்த்துவிடுவான் என்று வீட்டிலும் வைக்கோற்போரில் ஒளித்து, மூன்று நாளும் வெளியே எடுக்கவேயில்லை.

இப்போது ஆசாரியைக் கூப்பிடவும் வழியில்லை. திருடிய காலைத் பறிகொடுத்தவனையே கூப்பிட்டு மாட்டச் சொல்ல முடியுமா?

சின்னபொண்ணின் தம்பி தங்கவேல் வந்தான். கரும்புக் கொல்லையில் வேலை செய்கிறவன். எதற்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும்.

"சீவிட்டா போவுது மாமா."

கொடுவாளை எடுத்துப் பதினாறு காலின் தலையையும் சீவினார்கள். இப்போது கால் உள்ளே போனது. அப்படியே வெளியேயும் வந்தது.

"கொஞ்சம் அதிகமா சீவிட்டம்போல இருக்குது," என்றான் தங்கவேல்.

சின்னபொண்ணு பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். துணியைச் சுற்றி இறுக்கி ஆப்பை அடித்தார்கள். நாற்காலி நின்றது. கண்ணையன் ஏறி உட்கார்ந்தான். அவன் கால் தரையில் எட்டவில்லை. நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, யோசித்தது, மறுபக்கம் சாய்ந்தது.

"தொட்டில் மாதிரி இருக்குது," என்றாள் சின்னபொண்ணு. "அவரு உக்காந்தா தூங்கிடுவாரு."

"நீ வாய மூடு."

தங்கவேல் சுற்றிவந்து பார்த்தான். "ஒசரமும் கொறையணும், ஆட்டமும் நிக்கணும். அவ்ளோதான? நட்டுடலாம்."

"இன்னாத்த?"

"நாற்காலிய. கரும்பு நடறதில்லையா? ஒரு சாண் பள்ளம் எடுத்து எறக்கி மண்ணத் தள்ளிட்டா, யானை உக்காந்தாலும் ஆடாது."

கண்ணையனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரியாத யோசனைதான் ஆளைக் கவிழ்க்கும். வெயிலில் தரை இறுகிக் கிடந்தது. கடப்பாரை இறங்குவதற்காகத் தங்கவேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றினான். அப்புறம் நாலு குடம். பதினாறு குழி. நாலு நாற்காலியையும் நிழலில் வரிசையாக நட்டு, மேலே ஆற்றுமணலைப் பரப்பினார்கள். பார்க்க ஜோராக இருந்தது. கண்ணையன் ஒன்றைப் பிடித்து அசைத்தான். அசையவில்லை.

"பொறந்ததுலருந்து இங்கயே இருக்கற மாதிரி இருக்குது மாமா."

வருகிறவர்கள் காலையில் வரவில்லை. வழியில் மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டதாம். மூன்று மணிக்கு வண்டி வந்து நின்றது. அதற்குள் நிழல் எருக்குழிப் பக்கம் போய்விட்டிருந்தது. நாற்காலிகள் நாலும் வெயிலில் நின்றன.

அரங்கநாதன் பெரிய உருவம். கோட்டுப் போட்டிருந்தார். "பொஞ்சூர்," என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார்.

"ஆமாங்கய்யா," என்றான் கண்ணையன்.

மாப்பிள்ளை நடேசன் சாது. அவன் அம்மா வேலம்மாள் ஒல்லியான பெண்பிள்ளை. பேச வாயெடுத்தாலே அரங்கநாதன் இருமினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"வெயில் மூஞ்சில அடிக்குது. கொஞ்சம் அந்தாண்ட இழுத்துப் போட்டுக்கலாமே." அரங்கநாதன் எழுந்து நாற்காலியை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"இன்னா மரம் இது?"

"பூவரசுங்கய்யா."

"பூவரசு இவ்ளோ கனக்குமா?"

"பழைய மரம்," என்றான் தங்கவேல்.

அரங்கநாதன் நாற்காலியை மரியாதையாகப் பார்த்துவிட்டு வெயிலிலேயே உட்கார்ந்தார். வேலம்மாளும் தன் நாற்காலிப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம வூட்லயும் இதே மாதிரி..." என்று ஆரம்பித்தாள். அரங்கநாதன் இருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

கஸ்தூரி காபி கொண்டுவந்தாள். நின்றபடியே அரங்கநாதன் கையில் கொடுத்தாள். பேச்சு நெல் விளைச்சலுக்குப் போனது, சைகோன் மழைக்குப் போனது. அடியில் எட்டுக் குடம் தண்ணீர் இருந்தது. மேலே சைகோன் சொல்தா இருந்தார். கஸ்தூரி பலகாரம் கொண்டுவந்தபோது குனிந்து நீட்ட வேண்டியிருந்தது. வெற்றிலைத் தட்டோடு வந்தபோது மண்டி போட்டுத்தான் கொடுக்க முடிந்தது.

"அடக்கமான பொண்ணு," என்றார் அரங்கநாதன், தரைக்குப் பக்கத்திலிருந்து.

பத்து வருஷமாக மடங்காத முட்டி மார்புக்கு நேராக மடங்கியிருந்தது. கண்ணையன் அதைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தான். கட்டில் கதை ஞாபகம் வந்தது.

"சரி, பொறப்படலாம்," என்று அரங்கநாதன் எழப் பார்த்தார். முடியவில்லை. நடேசன் ஒரு கையையும் தங்கவேல் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். ஆளும் வந்தார், உட்காரும் பலகையும் முதுகுப் பலகையும் கூடவே வந்தன. நாலு காலும் மண்ணிலேயே நின்றன, கரும்பு வெட்டிய கட்டை மாதிரி. புடவைத் துணி அதிலிருந்து தொங்கியது.

அரங்கநாதன் கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வண்டியைப் பார்த்து நடந்தார்.

போச்சு, என்று நினைத்துக்கொண்டான் கண்ணையன். சின்னபொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் கஸ்தூரியின் வளையல் சத்தம் நின்றது.

வேலம்மாள் மட்டும் போகவில்லை. குனிந்து மண்ணிலிருந்து ஒரு காலைப் பிடுங்கினாள். முந்தானையால் துடைத்தாள். இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தன. விரலை வைத்து எண்ணினாள். உயரத்தைத் தன் இடுப்போடு வைத்து அளந்தாள். வண்டிப் பக்கம் திரும்பினாள்.

அரங்கநாதன் இருமினார்.

"இருமிக்கினே இருங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, கண்ணையன் பக்கம் திரும்பினாள். "கஸ்தூரிய அழைச்சிக்கினு வர்ற அன்னிக்கு எங்க பதினாறு காலையும் வண்டியில ஏத்திக்கினு வந்துடுங்க சம்பந்தி; நீங்க வூடு பாக்க வந்தா போடணும்னு நாங்க ரகசியமா செஞ்ச நாற்காலி, மூணு நாளா உங்க குட்டக் காலு மேலதான் ஆடிக்கினு இருக்குது."