புள்ளி அண்ணையின் பென்சில்

ஜேர்மனியில் என்னை நிம்மதியாக மூச்சுவிட விடாதவர் ஒருவர்தான்: எங்கள் புள்ளி அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் அவரது விசாவுக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் ஹம் நகரிலிருந்து ரயிலேறிப் போய் ஒரு துறவிமடத்து நூலகத்தில் துப்புரவு வேலை செய்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய லத்தீன் வாசகப் புத்தகம். வரிகளுக்கிடையே புள்ளிகள், கொக்கிகள். வாசகத்தை ராகமாக ஓதுபவர் எங்கே குரலை இறக்குவது, எங்கே ஏற்றுவது, எங்கே நிற்பது என்று அவை காட்டும் என ஒரு துறவி விளக்கினாராம். அந்தத் துறவி சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் தேவாலயத்தின் மாதாந்தத் தமிழ்ப் பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பவன் நான். அன்றிலிருந்து என் தாள் முழுக்க அண்ணையின் பென்சில் புள்ளிகள்.

"தம்பி, கொக்கியிலை குரல் இறங்கோணும். நீர் ஏறுறீர்."

"அண்ணை, இது தமிழ். லத்தீன் இல்லை."

"ஏன், தமிழனுக்கு மூச்சு இல்லையோ?"

ஒரு புள்ளியைத் தவறவிட்டால் போதும், முன்வாங்கிலிருந்து "க்கும்" என்று செருமுவார். பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்ப்பார்கள். என் வதிவிட அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பப் படிவத்தை, பிழை பார்க்கக் கொடுத்தேன். அதிலும் புள்ளி வைத்துவிட்டார். விசா அலுவலகத்தில் இருந்த ஜேர்மன் பெண் இது என்ன என்று கேட்டபோது எனக்கு வியர்த்து ஊற்றியது.

அந்த அன்ட்ராக்குக்குப் பதில் வருமுன் யாழ்ப்பாணத்தில் அம்மா செத்துப்போனா. பதில் வரும்வரை நான் ஜேர்மனியைவிட்டு வெளியேற முடியாது. நினைவுப் பூசையில் வாசகத்தை உடையாமல் வாசித்து முடிப்பது, அது ஒன்றுதான் நான் அவவுக்குச் செய்யக்கூடியதாக இருந்தது. பூசைக்கு முன் பார்த்தால் தாள் அண்ணையின் கையில்.

"இண்டைக்காவது விடுங்கோ அண்ணை!" என்று கத்திவிட்டேன். தாளைத் தந்துவிட்டு முன்வாங்கில் போய் இருந்தார்.

இரண்டாவது வரியிலேயே அழுகை வந்தது. அந்த இடத்தில் ஒரு புள்ளி. நின்றேன், மூச்செடுத்தேன். மூன்று சொல் தாண்டினால் இன்னொரு புள்ளி. அழுகை வந்த இடமெல்லாம் புள்ளி வைத்திருந்தார். அப்படியே நின்று நின்று கடைசிச் சொல்வரை போய்ச் சேர்ந்தேன். முன்வாங்கில் சத்தமே இல்லை.

வெளியே வந்து, "இவ்வளவு புள்ளி எந்தப் புத்தகத்திலை அண்ணை இருக்கு?" என்றேன்.

"ஒண்டிலையும் இல்லை. தாயைப் பறிகுடுத்தவனுக்கு மூச்சுக் காணாது, தம்பி."

பிறகு மகளோடு லண்டனுக்குப் போய்விட்டார். இப்போது என் தாளுக்கு நானே புள்ளி வைக்கிறேன். தவறவிட்டால் செரும ஆளில்லை. அங்கே யாருடைய உயிரை வாங்குகிறாரோ தெரியாது. அவரிடம் மாட்டிக்கொண்ட அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.