அடுப்புக் கதவுக்குச் சப்பாத்தி மாவு

சென்னை நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த நான்கு ஆண்டுகளில், இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எந்தச் செய்தியையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. விறகடுப்பு விஷயத்தில் மட்டும் ஒரே ஒருவனிடம் கேட்டேன். அவன் ஆம்பூர்க்காரன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போய், பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு சிற்றூரில், திருமதி கெல்லர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். அறைக்கு இருந்த ஒரே சூடு, கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு. அந்த ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி வசந்தா ஆறு மாதக் குழந்தையுடன் விமானத்தில் வந்திறங்க வேண்டும். அதற்கு முந்தின நாள் காலை புகைபோக்கிப் பரிசோதகர் வருவார். (அவர் கையெழுத்துப் போடாத அடுப்பை அங்கே யாரும் மூட்டுவதில்லை.)

"அவர் சரியென்றால் குழந்தை வரட்டும். இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள்" என்றார் திருமதி கெல்லர். சோதிக்கும் முறையையும் அவரே காட்டினார். செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுக்க வேண்டும். தாள் வராமல் பிடித்துக்கொண்டால் கதவு இறுக்கம். வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு.

புதன்கிழமை பிற்பகல் சோதித்தேன். கைப்பிடிப் பக்க மேல் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தாள் வழுக்கியது. புகை கசியாமலிருக்கக் கதவைச் சுற்றிப் பதித்திருந்த, நெருப்புத் தாங்கும் கயிறு அங்கே நசுங்கியிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பார்க்க அழுக்காக இருக்கிறதே என்று கத்தியால் முழுக் கயிற்றையும் நெம்பி எடுத்தேன். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கீழே போய், வேதியியல் ஆராய்ச்சி மாணவனான அந்த ஆம்பூர் நண்பன் சாதிக்குக்கு போன் செய்தேன். மாலையில் வந்தான்.

"கயிறு எங்கடா?"

"குப்பைல."

"சுத்தம். கடைக்குப் போனியா?"

"புதன்கிழமை மத்தியானத்தோட இந்த ஊர்க் கடையெல்லாம் மூடிடுவாங்க."

"அப்ப விடு. பிரியாணிக்கு தம் போடறப்ப மூடியைச் சுத்தி மாவு வைக்கறோமே, துளி ஆவி வெளிய வருதா? அதே பிரின்சிபிள்தான்."

"இது நெருப்புடா!"

"பிரியாணிக்கு அடியில என்ன, ஐஸா? நான் கெமிஸ்ட்ரி, நீ பேப்பர்காரன். மாவை எடு."

திருமதி கெல்லரின் சமையலறையிலிருந்து ஒரு கிலோ கோதுமை மாவு கடன் வாங்கிப் பிசைந்தோம். கயிறாகத் திரித்துக் கதவில் பதித்து மூடி, இறுகுவதற்காகச் சின்னதாக நெருப்பும் வைத்தோம். சப்பாத்தி வாசனை வந்தது. சாதிக் தன் ஆராய்ச்சியை மெச்சிக்கொண்டே என் இரவுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் கறுப்பு உடுப்பும் உயரத் தொப்பியுமாகப் பரிசோதகர் வந்தார். திருமதி கெல்லர் அவர் கோட்டுப் பொத்தானைத் தொட்டார். (தொட்டால் அதிர்ஷ்டமாம். நானும் தொட்டேன், எனக்கு அது தேவைப்பட்டது.) பரிசோதகர் அடுப்பின் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. காலை அண்டக் கொடுத்து இழுத்தார். வரவில்லை.

"எதை வைத்து ஒட்டினீர்கள்?"

"மாவு."

"என்ன மாவு?"

"கோதுமை."

"என் மாவா?" என்றார் திருமதி கெல்லர்.

பரிசோதகர் தன் துடைப்பக் கட்டையால் சுற்றிலும் தட்டினார். கதவு திறந்தது. கூடவே, பொன்னிறத்தில், நாற்சதுரமாக, உடையாத ரொட்டிச் சட்டம் ஒன்று அவர் கையில் வந்து தொங்கியது. ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டார்.

"உப்புப் போதாது."

பிறகு அதிலிருந்த வெடிப்புகளைக் காட்டினார். "காய்ந்தால் இன்னும் வெடிக்கும். புகை அறைக்குள் வரும். குழந்தை இங்கேதான் தூங்குமா?"

'வராதே' என்று வசந்தாவுக்குத் தந்தி கொடுக்க நேரம் இருக்கிறதா என்று மனம் கணக்குப் போட்டது. அறை மூலையில் நான் இரவல் வாங்கி வைத்திருந்த தொட்டிலை அவர் பார்த்தார். கீழே போனார். தன் வண்டியிலிருந்து ஒரு சுருள் வெள்ளை அடுப்புக் கயிறும் பசையும் கொண்டு வந்தார்.

கதவின் பள்ளத்தைச் சுரண்டினார். பசை தடவி, கயிற்றை இழுத்து நீட்டாமல் மெதுவாகப் பதித்தார்.

"தாளை நீங்களே இழுங்கள்."

நான்கு பக்கமும் இழுத்தேன். எங்கும் வரவில்லை. மேல் மூலையில் தாள் கிழிந்தே போனது. செய்தித்தாள் கிழிந்ததற்காக நான் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான். அவர் கையெழுத்துப் போட்டார். "மாலை வரை காயட்டும். இனி ஒவ்வொரு குளிருக்கு முன்னாலும் இப்படிப் பாருங்கள். சமைக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை, குழந்தை கதகதப்பில் தூங்கியது. வசந்தா ஜன்னல் வழியே பார்த்தாள். ஆப்பிள் மரத்தில் ஒரு ரொட்டிச் சட்டம் தொங்கியது, அதில் குருவிகள்.

"என்னங்க, இந்த ஊர்ல குருவிக்குக்கூட ஜன்னல் வச்சுத்தான் ரொட்டி சுடுவாங்களா?"

பின்னால் நின்ற திருமதி கெல்லர் அடுப்பைக் காட்டினார். என்னைக் காட்டினார். இரண்டு கையாலும் மாவு பிசைந்து காட்டினார். ஒரு வார்த்தைகூட ஜெர்மன் தெரியாத வசந்தாவுக்கு முழுச் செய்தியும் அரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

இன்றும் நான் சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தால் அடுத்த அறையிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "அப்பா, கதவுக்கும் சேர்த்துப் பிசைங்க!" சாதிக் மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. பிரின்சிபிள் சரிதானாம், உப்புதான் கம்மியாம்.