கீழ்மடை படிக்காத ஓலை

வெண்கரை நாட்டில் முக்கியமான செய்தி எதையும் வாயால் சொல்லக் கூடாது. ஓலையில் எழுதி, அரசின் காப்புப்பேழையில் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். எதிரிகள் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அரசு காரணம் சொல்லியிருந்தது.

அந்நாட்டின் பெரிய ஏரிக்குக் கரைக்காவல் பார்த்தவள் பவளாயி. ஒரு திங்கட்கிழமை காலை, கரையின் அடியில் தண்ணீர் கலங்கலாகக் கசிவதைக் கண்டாள். உள்ளே மண் கரைகிறது. கரை நான்கு நாள் தாங்கினால் அதிகம். கீழே கீழ்மடை ஊர், ஆறாயிரம் பேர். ஊர்த்தலைவருக்கு ஓலை எழுதிக்கொண்டு பேழை நிலையத்துக்கு ஓடினாள்.

நிலைய அதிகாரி கடகநாதர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். “நல்ல நாளா பாத்து வந்திருக்கீங்க. இன்னைலேர்ந்து பேழை புதிய பதிப்பு! ரெண்டு சாவி. ரெண்டாவது தலைநகர்லேர்ந்து வரணும். ஓலையை உள்ள வச்சுட்டுப் போங்க. எங்க கண்ணுகூட அதுமேல படாது.”

“அய்யா, ஆறாயிரம் உசுரு!”

“பாதுகாப்பு விஷயத்துல அவசரம் ஆகாதும்மா.”

செவ்வாயன்று சாவி வந்தது. ஓலை மூன்று துண்டாக, மூன்று வழிகளில் கிளம்பியது. அதுவும் புதிய வசதிதான். இரண்டு துண்டுகள் கீழ்மடைப் பேழைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது சுங்கச்சாவடியில் நின்றுவிட்டது. முழுதாகச் சேராத ஓலையைப் பேழை திறக்க விடாது.

புதன் மாலை மூன்றாவதும் சேர்ந்தது. ஆனால் ஊர்த்தலைவரின் கைரேகை புதிய பதிப்பில் பதிவாகியிருக்கவில்லை. குறித்த நேரத்தில் திறக்காததால் ஓலை தானாகவே எரிந்து சாம்பலானது.

வியாழன் காலை கடகநாதர் பெருமையோடு சொன்னார்: “இனிமே எந்த எதிரியாலயும் அதைப் படிக்க முடியாது!”

“படிக்க வேண்டியவங்களே படிக்கலையேய்யா!”

விடியலில் அவள் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பார்த்தபோதே கசிவு ஆள் நுழையும் அளவுக்குப் பெருத்துவிட்டிருந்தது. பவளாயி வாசலில் நின்ற அதிகாரியின் குதிரையை அவிழ்த்து ஏறினாள்.

உச்சிவேளையில் கீழ்மடைச் சந்தையில் நின்று கத்தினாள்: “கரை உடையப்போகுது! மேட்டுக்கு ஓடுங்க!”

யாரும் அசையவில்லை. காய்கறி விற்ற சடைச்சி பதறினாள். “மெதுவாப் பேசு தாயி, புடிச்சுட்டுப் போயிருவாங்க.”

“புடிக்கட்டும். என் சேலையப் பாரு, இடுப்பு வரைக்கும் ஏரிச்சேறு. போய்ப் புள்ளைங்களத் தூக்கு!”

சடைச்சி தராசைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்துச் சந்தை ஓடியது, பிறகு ஊரே ஓடியது. பொழுது சாயும் முன் வெள்ளம் வந்தது. வீடுகள் எல்லாம் போயின. ஆட்களில் பதினொரு பேர் போயினர்.

குன்றின் மேல் காவலர்கள் பவளாயியின் கைகளைக் கட்டினார்கள். பூட்டப்படாத செய்தியைப் பொதுவெளியில் பரப்பிய குற்றம். அவளை விடச் சொல்லிக் காவலர்களின் பின்னாலேயே போன சடைச்சி, உச்சியில் வரிசையாகக் கூடாரங்களைக் கண்டு நின்றுவிட்டாள். கட்டில்கள், கறவை மாடுகள், கொதிக்கும் உலைகள். எல்லாம் அமைச்சர்களுக்கு உறவான கீழ்மடைக் குடும்பங்கள்.

“நீங்கல்லாம் எப்பம்மா இங்க வந்தீங்க?” என்று கேட்டாள்.

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிராமலே சொன்னாள்:

“நாங்க திங்கக்கிழமை சாயங்காலமே வந்துட்டோம்.”