சாரத்தோடு ஓடையில் இறங்கிய சரிவண்ணை

சுவிட்சர்லாந்தில் ஓடும் தண்ணீர் எல்லாம் தன்னுடைய அனுமதியோடுதான் கீழே இறங்குகிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் சரிவண்ணை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, வேறெங்கும் இல்லை.

சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் ஒரு சின்னப் பொறியியல் அலுவலகம். விமானத்திலிருந்து அளந்த நில உயரங்களைக் கணினியில் ஏற்றி, ஓடைகள் எவ்வளவு சரிவாக இறங்குகின்றன என்று கணக்குப் பார்ப்பது அவர் வேலை. வெள்ளம் வந்தால் எந்த வீடு நனையும் என்பது அந்தச் சரிவைப் பொறுத்தது. அண்ணைக்கு அது அலுவலகத்தோடு முடிகிற விஷயமில்லை. சூரிச்சில் நம்மவர் கடைக்குச் சாப்பிடப் போனால், தட்டில் சொதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் கை வைக்க மாட்டார்.

“தம்பி, உங்கட மேசை கிழக்கால நூத்துக்கு ரெண்டு வீதம் சரிவு.”

“அண்ணை, இடியப்பம் ஆறுது.”

ஒரு கலியாணத்தில் மணவறை சாய்ந்திருக்கிறது என்று கைபேசியை வைத்து அளந்தார். தாலி கட்டுகிற நேரம். பெண்ணின் தகப்பன் அவரைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்ப் பந்தியில் இருத்திவிட்டு வந்தார்.

நான் அண்ணையின் அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் படித்த பொறியியலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பதினொரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவன். மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதில் தவறினால் மறுபடியும் கோப்பைதான். மனைவி வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கியிருந்தாள்.

கடைசி வாரம், எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கின் ஓடை ஒன்று என் தலையில் விழுந்தது. கணினியில் பார்த்தால் தண்ணீர் ஓரிடத்தில் இரண்டு மீட்டர் மேட்டில் ஏறுகிறது! மென்பொருளில் பள்ளங்களை நிரப்புகிற பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினேன். மேட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளம் நிரம்பி மேடு மறைந்தது, ஐம்பது மீட்டருக்குச் சரிவு பூச்சியம். தண்ணீர் அங்கே தேங்கும், ஓடையை ஆழமாகத் தோண்ட வேண்டும் என்று அழகாக எழுதி, வெள்ளி பின்னேரம் முதலாளிக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அவர் அதை ஊர்ச்சபையில் வைப்பதாக இருந்தது. ஒரு நகல் அண்ணைக்கும் போனது.

சனி காலை தொலைபேசி அடித்தது.

“ஐசே, எங்கடினில குளம் கட்டி வச்சிருக்கிறீர். ஸ்டேசனுக்கு வாரும்.”

மலை ரயிலில் போய் இறங்கினோம். அண்ணை பையிலிருந்து சாரத்தை எடுத்து, மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். பனி உருகி வருகிற தண்ணீர். சுற்றுலாப் பயணிகள் மலையை விட்டுவிட்டு இவரைப் படம் எடுத்தார்கள்.

“அண்ணை, விறைச்சுப் போவீங்கள்!”

காதில் வாங்கவில்லை. ஒரு கல் பாலத்துக்குக் கீழே குனிந்து நுழைந்தவர் மறுபக்கத்தால் வெளியே வந்தார்.

“உமக்கு விசரோ? தண்ணி மேட்டில ஏறேல்லை, கீழால போகுது. கணினி பாலத்தை நிலம் எண்டு நினைச்சிருக்கு. நீர் அதை அணையாக்கி, பின்னால குளத்தையும் நிரப்பிப் போட்டீர்!”

ஞாயிறு முழுக்க அவர் வீட்டில் இருந்து, கணினியில் பாலத்தை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டோம். சரிவு நான்கு வீதம். தோண்ட ஒன்றுமே இல்லை.

திங்கள் காலை, புது அறிக்கையையும் பழையதையும் மேசையில் வைத்து முதலாளி கேட்டார், யாருடைய பிழை என்று. நான் வாயைத் திறக்க முதல் அண்ணை முந்திக்கொண்டார்.

“பிழை என்னுடையது. சரிபார்த்துக் கொடுத்தது நான்தான்.”

பச்சைப் பொய். அனுப்ப முதல் நான் அதை அவரிடம் காட்டியதே இல்லை. வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

“நான் பிழை விட்டா, ‘ஆள் களைச்சுப் போனான்’ எண்டுவினம். நீர் விட்டா, ‘ஆளுக்கு ஏலாது’ எண்டுவினம். போய் வேலையைப் பாரும்.”

வேலை எனக்கு நிரந்தரமானது. அண்ணையின் கணக்குகளை இனிமேல் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். அந்த இன்னொருவர் நான்.

ஒரு வருடம் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. “வடிவாப் பாரும் ஐசே, நான் பிழை விடுற ஆள்” என்று சிரித்துக்கொண்டே தாளை நீட்டுவார். நான் குனிந்தபடி கையெழுத்து வைப்பேன். நிமிர்ந்து அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும்.